முதுகு காட்டாமல்

முதுகுதான் முதலில் வருகிறது, ஏரிக்கரைக் கருங்கல் கோயிலின் இருட்டிலிருந்து, பச்சைக் கம்பளிச் சட்டையும் பாதியில் அவிழ்ந்த பின்னலுமாக, அடி அடியாகப் பின்னோக்கி, முகத்தைப் பீடத்துக்குக் கொடுத்து முதுகை எனக்குத் தந்தபடி அன்சிலா அக்கா வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறாள், ஆர்மீனியாவில் கோயிலை விட்டு இப்படித்தான் வெளியேறுவார்களாம், சாமிக்கு முதுகு காட்டப்பிடாது கேட்டியா, நீயும் அப்படியே வாடே என்றாள், அவளுக்குப் பின்னால் நானும் அப்படியே நடந்து, வாசல்படி தெரியாமல் தொப்பென்று உட்கார்ந்தேன், அவள் சிரித்தாள், அக்கறை உள்ளவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று நான் மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். யெரெவானில் மருத்துவம் படிக்க வந்த முதல் வாரமே சீனியர் பெண்களை அக்கா என்று கூப்பிடப் பழக்கினார்கள், நான் தடுமாறாமல் தேறிய ஒரே பாடம் அதுதான், அந்த ஒரு சொல் தொண்டையில் நிற்க மற்ற சொல் எதுவும் வெளியே வரவில்லை, நாளை அவள் படிப்பு முடிந்து திருவனந்தபுரத்துக்குப் பறக்கிறாள், அவள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தாள், நான் சொல்ல வந்தேன், ஒரே காரில் வந்ததால் இரண்டும் ஒரே காரியம் என்று எனக்குத் தோன்றியிருந்தது. காரை ஓட்டும் வாஸ்கனுக்கு எங்கள் சீனியர்கள் ஒரே ஒரு தமிழ்ச் சொல் கற்றுக்கொடுத்திருந்தார்கள், அவருக்கு நானும் மச்சான், அவளும் மச்சான், சாலையை மறிக்கும் செம்மறி ஆடும் மச்சான்.

பிறகு சிலுவைக்கற்கள் நிற்கும் மயானம், ஆள் உயரம், பல நூற்றாண்டுப் பாசி, எந்தச் சிலுவையிலும் ஏசு இல்லை, அடியிலிருந்து கல்லே இலை விட்டு லேஸ் துணி மாதிரி விரிந்திருக்கிறது, செத்தவனுக்கு இவ்வளவு பொறுமையாகச் செதுக்கியவன் அவன் உயிரோடிருந்தபோது ஒரு நல்ல வார்த்தை சொன்னானோ என்னவோ. நடுவில் ஒரு துறவியின் கல்லறை, அதன்மேல் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் குடித்து, முகம் கழுவி, பாட்டிலைக் கல்லில் அடித்து உடைத்தால் பயம் போய்விடுமாம், சுற்றிலும் கண்ணாடித் தூள், எத்தனை பேர் பயமோ வெயிலில் மினுங்குகிறது. உனக்குத்தான்டே இது, வைவாவுல வாயத் தொறக்க மாட்டியே, உடை என்று ஃபோனைத் தூக்கினாள் அன்சிலா அக்கா, மச்சான் என்று வாஸ்கன் பாட்டிலை நீட்டினார், உடைத்தேன், பயம் நிஜமாகவே போய்விட்டது, இத்தனை வேகமாக வேலை செய்யும் மருந்தை எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை, அன்சிலா என்றேன், அக்கா இல்லாமல், உன்னைப் பிடிக்கும், போனாலும் எனக்காக இரு என்று மூன்று வருடத்தையும் கொட்டினேன். அவள் ஃபோனை இறக்கவில்லை. காத்து அடிச்சிட்டு மக்கா, ஒண்ணும் விழல, இன்னொரு வாட்டி சொல்லு. வாஸ்கனிடம் இன்னொரு பாட்டில் இருந்தது, அதையும் உடைத்துச் சொன்னேன், இந்த முறை தெளிவாக விழுந்தது. யாருக்கு இந்த வீடியோ என்றேன். எங்க செட்டுக்குடே, இவன் எப்பம் வாயத் தொறப்பான்னு மூணு வருசமா கேட்டுட்டிருக்காளுவ. அப்ப எனக்குப் பதில். ஒரு கணம் யோசித்தாள், யோசித்ததுதான் கொடுமை. பயந்துட்டு நின்னியே, அப்பம் நல்லாத்தான்டே இருந்த, இப்பம் எல்லாப் பயலுவளையும் போல ஆயிட்ட.

திரும்பிக் கற்களுக்கு நடுவே காரை நோக்கி நேராக நடந்தாள், பின்னோக்கி நடக்கிற மரியாதை சாமிக்கு மட்டும்தான், பச்சை முதுகு சிறிதாகிச் சிறிதாகி இலை விட்ட ஒரு சிலுவைக்குப் பின்னால் மறைகிறது, வாஸ்கன் என் தோளைத் தட்டுகிறார், மச்சான் என்று சொல்லவில்லை. அதை இப்போதும் மனதில் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறேன், கண்ணாடித் தூள் மட்டும் கூடிப் பாட்டிலாக மாட்டேன் என்கிறது, மற்றபடி எல்லாம் திரும்பி வருகிறது, முதுகுதான் முதலில், பெரிதாகிப் பெரிதாகி, அடி அடியாக, என்னிடம்தான் வருகிறாள், வந்து, திரும்பி, ஃபோனைத் தூக்குகிறாள், இன்னொரு வாட்டி சொல்லு மக்கா என்கிறாள், சொல்கிறேன்.