பதினேழு கையெழுத்து

கை கழுவும் குழாயில் வெந்நீர் நாற்பத்து மூன்று டிகிரிக்கு மேல் வரக்கூடாது என்பது சட்டம். பினேசி பாலர் பள்ளியின் குழாயில் நாற்பத்தொன்பது வந்துகொண்டிருந்தது. ஆறு வாரமாக யூனிஸ் மாண்டமினுக்கு அந்தக் குழாயே கதி. கணவன் விட்டுப் போன வருஷத்தில்கூட அவள் இத்தனை தூக்கம் கெட்டதில்லை. அந்த மனிதன் எதிலுமே நாற்பத்து மூன்றைத் தாண்டியதில்லை.

முதல் சோதனையில் பதினொரு குற்றங்கள். வேலியில் பிள்ளையின் தலை நுழையும் இடைவெளி, தூங்கும் கட்டில்களுக்கு நடுவே போதாத இடம், குளிர்பெட்டியில் கடை முத்திரை இல்லாத, வேட்டையாடிய மூஸ் மான் இறைச்சி என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது சோதனையில் ஐந்து. மூன்றாவதுதான் கடைசி. தற்காலிக உரிமம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இந்த முறையும் தவறினால் பள்ளியைப் பூட்டவேண்டியதுதான். பதினேழு பிள்ளைகளும் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி டவுனுக்குப் பஸ்ஸில் போகவேண்டும். மூன்று வயசுப் பிள்ளையை இருட்டில் எழுப்பி அந்த பஸ்ஸில் ஏற்ற இந்த ஏரிக்கரையில் யாருக்கும் மனசு வராது. வந்து ஏற்றினாலும், டவுனில் அவர்களோடு அவர்களுடைய பூர்வகுடி மொழியான ஓஜிப்வே பேச ஒரு ஆள் கிடையாது.

மூன்றாவது சோதனை வரப்போவதை யூனிஸ் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு தடவை தோற்றதே போதுமான வெட்கம். எல்வினிடம் மட்டும் சொல்லிவைத்தாள். எல்வின் அவளுடைய பெரியம்மா மகன். ஊர் வானொலியை நடத்துபவன். அவன் ஜன்னலில் இருந்து பார்த்தால் ஊருக்குள் வரும் ஒரே பாலம் தெரியும்.

"வெள்ளைக் கார் பாலம் தாண்டினதும் எனக்குச் சொல்லிடுடா."

"அவ்வளவுதானே அக்கா. சொல்லிடறேன்."

எப்படிச் சொல்வாய் என்று கேட்டிருக்க வேண்டும். மைக் இல்லாமல் வாழ்நாளில் ஒரு சேதியும் சொல்லியறியாத மனிதனிடம் அதைக் கேட்காமல் விட்டதுதான் அவள் செய்த தப்பு.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யூனிஸ் நிலவறையில், வெந்நீர்த் தொட்டியின் திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மேலே சமையலறை வானொலியில், ஊரின் மற்ற எல்லாச் சமையலறைகளிலும் போலவே, எல்வினின் குரல், கீழே அவளுக்குக் கேட்காமல், ஓடியது.

"ஒரு அறிவிப்பு. பாலம் தாண்டி ஒரு வெள்ளைக் கார் வருது. அரசாங்க நம்பர். உள்ள ஒரு அம்மா, பக்கத்து சீட்டுல ஃபைல். மெதுவா, ஒவ்வொரு வீடாப் பாத்துக்கிட்டே வருது. இப்ப பாலர் பள்ளிப் பக்கம் திரும்புது. யூனிஸ் அக்கா, கவனம்." பிறகு ஒரு பாட்டுப் போட்டான்.

கார் மெதுவாக வந்ததற்குக் காரணம் சாலையில் இருந்த குழிகள். ஆனால் ஐம்பது வயசு தாண்டிய ஒவ்வொருவர் நினைவிலும் மெதுவாக வந்து, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடித்து அரசாங்க விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோன ஒரு கார் உண்டு. ஒன்று அவரைக் கொண்டுபோனது, இல்லையென்றால் அவர் அக்காவையோ தம்பியையோ கொண்டுபோனது. ஐம்பது தாண்டாதவர்களுக்கு அந்தக் காரைச் சொல்லித்தான் சோறு ஊட்டியிருந்தார்கள். யாரும் யோசிக்கவில்லை. கால்கள் தாமாகவே பாலர் பள்ளிக்கு ஓடின.

தலைக்கு மேலே தடதடவென்று சத்தம் கேட்டபோது யூனிஸ், ஆட்ட நேரம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். வெப்பமானி நாற்பத்திரண்டரை காட்டியது. அதை மார்லீனிடம் காட்டவேண்டும் என்று கையில் தூக்கிப் பிடித்தபடியே மேலே ஏறி வந்தாள். மார்லீன் அவளுடைய உதவி ஆசிரியை.

மார்லீன் இல்லை. பிள்ளைகளும் இல்லை. பாதி தின்ற கஞ்சிக் கிண்ணங்கள் இருந்தன. ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. பின்கதவு காற்றில் ஆடியது. வானொலியில் எல்வின், வெள்ளைக் கார் பள்ளி வாசலில் நின்றுவிட்டது என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தான். யாரோ வாசலில் மிகவும் மரியாதையாகக் கதவைத் தட்டினார்கள்.

தட்டியவள் லெஸ்யா கோவல். இரண்டு சோதனைக்கும் வந்த அதே அதிகாரி. நாற்பது வயசு, உயரமானவள், குற்றம் எழுதும்போது மன்னிப்புக் கேட்கிற முகம்.

"ரொம்ப அமைதியா இருக்கே, மிஸ் மாண்டமின். தூங்குறாங்களா?"

"வெளிய உலாத்தப் போயிருக்காங்க," என்றது யூனிஸின் வாய், அவளைக் கேட்காமலே.

"நல்லது. கூட எத்தனை பெரியவங்க?"

"தேவைக்கு மேலயே." இது பொய்யில்லை. சட்டம் எட்டுப் பிள்ளைக்கு ஒருவர் கேட்டது. இங்கே கிட்டத்தட்ட பிள்ளைக்கு ஒருவர் வீதம் போயிருந்தார்கள்.

கோவல் வாசலில் வரிசையாக இருந்த பதினேழு ஜோடி பூட்ஸைப் பார்த்தாள். "அக்டோபர் குளிருல பிள்ளைங்க எதைப் போட்டுக்கிட்டு உலாத்தப் போனாங்க?"

யூனிஸ் உட்கார்ந்தாள். பிள்ளைகள் உட்காரும் நாற்காலி என்பதால் முழங்கால் மோவாய்க்கு வந்தது. அந்த நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். எல்வின், மைக், கார் எல்லாம். சொல்லி முடித்த பிறகு, மூழ்குகிறவள் புல்லைப் பிடிப்பதுபோல் கேட்டாள்:

"தீ ஒத்திகைன்னு எழுதிக்க முடியுமா? மூணே நிமிஷத்துல எல்லாரும் வெளிய. எங்களுக்கு நாலரைக்குக் குறைஞ்சதே இல்ல."

"தீ ஒத்திகையில டீச்சரும் வெளிய போகணும், மிஸ் மாண்டமின்."

கோவல் வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். பதினேழு பேர் வந்ததற்குக் கையெழுத்து இருந்தது. போனதற்கு ஒன்றுமில்லை. அவள் பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

"பதினேழு பேரும் யார்கிட்ட இருக்காங்கன்னு எனக்குத் தெரியணும். தெரியலன்னா 'காணாமல் போன பிள்ளைகள்'னு எழுதணும். எழுதினா அது நேரா போலீசுக்குப் போகும். அது என் கையில இல்ல."

யூனிஸின் கண்முன்னே நான்கு போலீஸ் வண்டிகள் பாலம் தாண்டின. வீடு வீடாகக் கதவைத் தட்டின. அதற்கப்புறம் உரிமம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. இன்னும் முப்பது வருஷத்துக்கு யாரும் தன் பிள்ளையை இந்த வாசலில் விடமாட்டார்கள்.

"கூட்டிட்டுப் போனவங்க பிள்ளையோட வந்து, நான்தான் கூட்டிட்டுப் போனேன்னு கையெழுத்துப் போட்டா?"

"அப்ப அது 'குடும்பத்தார் கூட்டிச் சென்றார்கள், பதிவு தாமதம்'. அதுவும் குற்றம்தான். ஆனா வேற குற்றம்." கோவல் கடிகாரத்தைப் பார்த்தாள். "பன்னிரண்டு மணி. அதுவரைக்கும் காத்திருக்கிறதே நான் செய்யக்கூடாத காரியம்."

யூனிஸ் தொலைபேசியை எடுத்தாள். முதலில் லொரெய்ன்.

"லொரெய்ன், கோடி உன்கிட்ட இருக்கானா?"

"எந்தக் கோடி?"

"உன் மகன் கோடி."

"எனக்கு மகனே கிடையாது."

"அடியே, நான் யூனிஸ். அவன் பொறக்கறப்ப உன்னை ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிக் கொண்டுபோனதே நான்தான். சீட்டுல இன்னும் கறை இருக்கு."

லொரெய்ன் குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்துல அந்தப் பொம்பளை இருக்காளா?"

"இருக்கா."

"அப்ப எனக்கு மகன் கிடையாது." தொலைபேசி வைக்கப்பட்டது.

இன்னும் ஆறு வீடுகளை அழைத்தாள். ஆறு வீட்டிலும் பிள்ளைப்பேறே இல்லை. ஒரு வீட்டில் பின்னால் இருந்து பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டது. அது டிவி என்றார்கள்.

சாலைக்கு எதிர்ப்புறம் வானொலி அறை. யூனிஸ் செருப்போடு ஓடினாள்.

"கரெக்டாச் சொன்னேனா அக்கா?" என்றான் எல்வின்.

"உன்னை அப்புறமாக் கொல்றேன். எந்திரி."

மைக்கில் அவள் ஓஜிப்வேயில் பேசினாள். அந்த அம்மா வந்தது குழாயைப் பார்க்க, வேலியைப் பார்க்க. போன ரெண்டு தடவையும் நான் தோத்துட்டேன், அந்த வெட்கத்துல உங்ககிட்ட மறைச்சேன், தப்பு என்னோடது. பன்னிரண்டு மணிக்குள்ள நீங்க வந்து கையெழுத்துப் போடலன்னா போலீஸ் வரும், பள்ளி மூடிடும். இவ்வளவும் சொல்லிவிட்டு, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "குழாய் இப்ப நாப்பத்திரண்டரை," என்றும் சொன்னாள்.

உடனே வானொலி அறையின் தொலைபேசி அடித்தது; எல்வின் ஸ்பீக்கரில் போட்டான். லொரெய்ன்.

"அப்பவும் அவங்க தடுப்பூசி போட வந்திருக்கோம்னுதான் சொன்னாங்களாம். எங்கம்மா சொல்லும்."

"இது அந்த மாதிரி இல்ல, லொரெய்ன்."

"இல்லன்னா அந்தக் காரைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விடச் சொல்லு. நடந்து வரட்டும். கார் இல்லாம எத்தனை பிள்ளையைத் தோள்ல தூக்கிட்டுப் போவா, பாத்துடலாம்."

இதை எப்படி ஓர் அரசாங்க அதிகாரியிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே யூனிஸ் திரும்பி வந்தாள். சொல்லவேண்டியிருக்கவில்லை. மைக்கை அணைக்க எல்வின் மறந்திருந்ததால், சமையலறை வானொலியில் எல்லாமே கேட்டிருந்தது. லொரெய்ன் கடைசி வரியை ஆங்கிலத்தில் வேறு, எல்லோருக்கும் புரியும்படி, திருப்பிச் சொல்லியிருந்தாள்.

கோவல் சாவியை எடுத்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பக்கம் நிறுத்த இடம் இருக்கா?"

கார் போனது. எல்வின் அதையும் அறிவித்தான். ஏரிக்காற்றில் ஒரு கிலோமீட்டர் நடந்து, தலைமுடி கலைந்து, மூக்கு சிவந்து கோவல் திரும்பியபோது மணி பதினொன்றேகால்.

பிறகு வந்தார்கள். சட்டைக்குள் பிள்ளையை மறைத்துக்கொண்டு, எஞ்சினை அணைக்காமலே வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார்கள். ஒரு கையால் கையெழுத்துப் போட்டார்கள், மறு கையைப் பிள்ளையிடமிருந்து எடுக்கவில்லை. மார்லீன் தன் அக்காவின் இரண்டு பிள்ளைகளோடு அழுதுகொண்டே வந்தாள். லொரெய்ன், தனக்கு இல்லாத மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பதிவேட்டில் 'முன்கூட்டியே கூட்டிச் செல்லக் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. லொரெய்ன் அதில் 'பல் வலி' என்று எழுதினாள். அடுத்து வந்தவர் அதை எட்டிப் பார்த்து 'பல் வலி' என்றே எழுதினார். பதினொரு பல் வலி சேர்ந்த பிறகு கோவல் ஏட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த ஊருக்கு ஒரு நல்ல பல் டாக்டர் வேணும்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லொரெய்ன் மட்டும் தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

பதினொன்று நாற்பதுக்குப் பதினாறு கையெழுத்து ஆகிவிட்டது.

பதினேழாவது ஜோலீன். நான்கு வயசு. அவளைக் கொண்டுபோனது அவள் தாத்தாவின் தம்பி சில்வெஸ்டர். மற்றவர்கள் வீட்டுக்கு ஓடியபோது அவர் படகுக்கு ஓடினார். சிறு வயசில் தன்னை வீட்டிலிருந்தே பிடித்தார்கள் என்பதால் அவருக்கு வீட்டில் நம்பிக்கையில்லை.

யூனிஸும் கோவலும் படகுத்துறைக்குப் போனார்கள். கல்லெறி தூரத்தில் அலுமினியப் படகு நின்றது, மோட்டார் உறுமிக்கொண்டு. ஜோலீன் அளவுக்கு மீறிய உயிர்காப்புச் சட்டைக்குள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள்.

"அவளைப் பின்னால போகச் சொல்லு," என்றார் சில்வெஸ்டர்.

கோவல் இருபது அடி பின்னால் போனாள். அவர் கையை ஆட்டினார். இன்னும் இருபது அடி போனாள். இன்னும் ஆட்டினார். ஒரு பிர்ச் மரம் முதுகில் இடித்த பிறகுதான் விட்டார்.

"சித்தப்பா, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்குள்ள."

"நான் கையெழுத்துப் போடுறதில்லன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். ஊருக்கே தெரியும். மீன்பிடி அபராதச் சீட்டில்கூட அவர் போட்டதில்லை.

"என் பாட்டனோட அப்பன் ஒரு அரசாங்கக் காகிதத்துல குறி போட்டாரு, இந்த ஏரி போச்சு," என்றார் சில்வெஸ்டர். "எங்கம்மா ஒண்ணுல போட்டுச்சு, நான் போனேன். போதும், யூனிஸ். எங்க வீட்டுல பேனா ராசியில்ல."

மணி பதினொன்று ஐம்பத்தொன்று. யூனிஸ் கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தாள். கெஞ்சினால் அவர் மோட்டாரைத் திருகிவிட்டுத் தீவுக்குப் போய்விடுவார். கத்தினாலும் அதேதான். வாதாட அவளிடம் ஒன்றும் இல்லை, அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

"நீங்களே படிச்சுப் பாருங்க," என்றாள். "அதுக்கப்புறம் ஏரியில வீசினாலும் சரி."

அவர் படகைத் துறைக்குச் சற்று அருகே கொண்டுவந்தார். மீன் அள்ளும் நீண்ட கைவலையை நீட்டினார். யூனிஸ் பதிவேட்டையும் பேனாவையும் வலைக்குள் போட்டாள். சில்வெஸ்டர் அதை ஒரு பெரிய மீனைத் தூக்குவதுபோல் ஜாக்கிரதையாக இழுத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடி, அது தலையிலேயே இருப்பதை ஜோலீன் காட்டியபிறகு, உதடு அசைய வாசித்தார். மேலிருந்து கீழ்வரைக்கும் வாசித்தார். பல் வலிகளையும் வாசித்தார்.

"இதுல போட்டா பிள்ளையை யாரு கொண்டுபோறா?"

"நீங்கதான். 'கொண்டு செல்பவர்'னு போட்டிருக்கு பாருங்க. அங்க உங்க பேர்."

"நான் கொண்டுபோறேன்னா?"

"ஆமா."

"திருப்பிக் கொடுக்கணும்னு எங்கயாவது சின்ன எழுத்துல இருக்கா?"

"இல்ல, சித்தப்பா."

அவர் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அது வெற்றுத்தாள். மோட்டாரை அணைத்தார். படகு தானாக ஆடியது. பேனாவை அவர் பிடித்த விதத்தைப் பார்த்தால் அதற்கு உயிர் இருப்பதுபோல் இருந்தது. ஒவ்வோர் எழுத்தாக, இடையில் ஒருமுறை நிறுத்தி, முழுப்பேரையும் எழுதினார். காரணக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. வலை திரும்பி நீண்டது.

கோவல் மரத்தடியிலிருந்து வந்து ஏட்டை வாங்கி, கடிகாரத்தைப் பார்த்து, 12.04 என்று எழுதினாள்.

"பன்னிரண்டுன்னு போடக்கூடாதா?" என்றாள் யூனிஸ். "நாலே நிமிஷம்."

"பன்னிரண்டு நாலுன்னு போட்டாதான் மத்தது எல்லாம் நிஜம்னு நம்புவாங்க."

"குழாய்?"

"நாப்பத்திரண்டரை. வேலி சரி. கட்டில் சரி. எல்லாம் சரி." கோவல் ஏட்டை மூடினாள். "பிள்ளைங்க மட்டும்தான் இல்ல."

"அப்ப உரிமம்?"

"நான் பாத்ததை எழுதுவேன். வெள்ளிக்கிழமை மேலதிகாரி முடிவு செய்வார். எப்படின்னு எனக்குத் தெரியாது, மிஸ் மாண்டமின். நிஜமாவே தெரியாது."

அவள் பாலத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். காற்று எதிரில் அடித்தது. யாரும் அவளுக்கு வண்டி கொடுக்க முன்வரவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. கூட நடக்கலாமா என்று யூனிஸ் இரண்டு எட்டு வைத்தாள், நின்றுவிட்டாள்.

"யூனிஸ்," என்று கூப்பிட்டார் சில்வெஸ்டர். "நாளைக்குப் பள்ளி உண்டா?"

"உண்டு. ஒன்பது மணிக்கு."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்?"

அவர் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்துவிட்டிருந்தார். மோட்டார் சத்தத்தில் கேட்காததுபோல் அவள் கையை மட்டும் ஆட்டினாள். சில்வெஸ்டர் மோட்டாரை மறுபடி அணைத்துவிட்டு, அதே கேள்வியை, இந்த முறை மெதுவாகக் கேட்டார்.