மடிப்பைப் பார்க்கும் குருவி

துணியாக இருந்தால் ஊசியை உருவிவிட்டு நகத்தால் நீவினால் போதும், துளை மூடிக்கொள்ளும். அட்டை அப்படியில்லை. குத்தினால் குத்தியதுதான். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், காதில் வாங்கினாளா?

மூத்தவள் மனதுக்குள் தங்கையைத் திட்டிக்கொண்டே வாழ்த்து அட்டையின் இலைக்குப் பச்சை நூல் ஓட்டினாள். திட்டுவதற்காவது அவள் பக்கத்தில் வேண்டியிருந்தது.

முன்பு இளையவள்தான் அட்டையைத் தெர்மாகோல் மேல் வைத்து, படத்தின் கோட்டோடு துளை போட்டுத் தருவாள். மூத்தவள் அதன் வழியே தைப்பாள். வேறு நாட்டில் வேலை கிடைத்துக் கிளம்பிய அவசரத்தில், இளையவள் ஒரு படத்தைத் திருப்பிப் போட்டுக் குத்திவிட்டாள். அட்டை திறக்கும் பக்கம் பார்க்கவேண்டிய குருவி மடிப்பைப் பார்த்து நின்றது.

"அக்கா, இது கோவிச்சுக்கிட்ட குருவி. நீ தொடாத, நான் வந்து தெச்சுக்கறேன்" என்று சிரித்துவிட்டுப் போனவள்தான்.

அந்த அட்டை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருக்கிறது. சாயங்கால வெயில் துளைகளில் நுழையும்போது நூலே இல்லாமல் ஒரு குருவி மின்னும். அந்த நேரத்தில் மூத்தவளுக்குக் கை ஓடாது.

இன்று அட்டைகளை வாங்கிப்போகக் கடைக்காரம்மா வந்து உட்கார்ந்திருந்தாள். தையலை மறைக்கும் பின்பக்கத் தாளை ஒட்டும்போது பசை கசிந்து ஒரு அட்டை வீணாகியிருந்தது.

"ஒண்ணு குறையுதேம்மா" என்றவளின் கண் ஜன்னலுக்குப் போனது. "அட, அது ரெடியா குத்தியே இருக்கே!"

"அது என் தங்கச்சியோடதுங்க."

சொல்லி வாய் மூடவில்லை, தங்கையே செல்போன் திரையில் வந்துவிட்டாள்.

"என்னக்கா, மூஞ்சத் தூக்கி வெச்சிருக்க?"

"என் மூஞ்சியே அப்படித்தான்டி. லீவு கெடச்சுதா?"

"இந்த வருஷமும் இல்லக்கா."

மூத்தவள் நூல் நுனியை உதட்டில் ஈரமாக்கினாள். கோக்க வேண்டிய ஊசி எதுவும் கையில் இல்லை.

கடைக்காரம்மா திரைக்குள் தலையை நீட்டினாள். "பாப்பா, உங்கக்கா ஒரு அட்டைய அடைகாத்துக்கிட்டு இருக்கா. நீயாச்சும் சொல்லேன்."

"அந்தக் குருவியா? ஐயோ, இன்னுமா வெச்சிருக்க! நீயே தெச்சுக் குடுத்துடுக்கா. நான் எப்ப வந்து..."

இளையவள் நிறுத்திக்கொண்டாள். நிறுத்திய இடம் மூத்தவளுக்குச் சுருக்கென்றது. தைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் துளைகள் நூலால் அடைபட்டுவிட்டால், அவள் திரும்பி வந்து செய்வதற்கு இந்த வீட்டில் எந்த வேலையும் மிச்சமிருக்காது. வரச்சொல்லிக் கூப்பிட ஒரு சாக்கு வேண்டாமா?

"என்னக்கா, தெச்சுடறியா?"

"சாப்ட்டியாடி?" என்றாள் மூத்தவள்.

"சாப்ட்டேன். அத சொல்லு மொதல்ல."

மூத்தவள் போனைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தாள். புது அட்டை ஒன்றை எடுத்துத் தெர்மாகோல் மேல் வைத்தாள். குருவிப் படத்தைச் சரியான பக்கமாகப் பொருத்தினாள்.

"கொஞ்ச நேரம் உக்காருங்க, வேற போட்டுத் தரேன்" என்றாள் கடைக்காரம்மாவிடம். பிறகு திரையைப் பார்க்காமலே, "அது இருக்கட்டும்டி" என்று சொல்லிவிட்டு, முதல் துளையைக் குத்தினாள்.