வரைபடக் குழாய்

பிஸ்தோக் ஹுத்தாபேயா பினாங்குக்குப் போவது தொழில் விஷயமாக. சுமத்ராவின் மேடான் நகரில் எதிர்ப்பட்ட எல்லாரிடமும், கேட்காதவர்களிடமும்கூட, அப்படித்தான் சொல்லியிருந்தார். பொதுப்பணி அலுவலகத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய முகவரி அட்டையில் 'முன்னாள்' என்ற சொல்லைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். கோட்டு, டை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, தோளில் கட்டட வரைபடம் வைக்கிற நீளக் குழாய்.

காலை விமானத்துக்குக் காத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மடியில் பெரிய பழுப்பு உறை இருந்தது. அத்தனையும் எக்ஸ்ரே. மேடான்காரருக்குத் தும்மல் இரண்டு நாள் நீடித்தால் கடல் தாண்டிப் போய் பினாங்கு டாக்டரிடம் காட்டியாக வேண்டும். அப்போதுதான் அந்தத் தும்மலுக்கே ஒரு மரியாதை. பிஸ்தோக் 'நோயாளிக் கூட்டம்' என்று முகத்தைச் சுளித்துத் தள்ளி நின்றார்.

சோதனை வாயிலில் குழாயைத் திறக்கச் சொன்னார்கள். காவலர் உருவியதும் சுருண்டிருந்த கறுப்புத் தகடு விரிந்தது. வரிசையாக விலா எலும்புகள். வலப்பக்கம் மேலே, வெளுத்த திட்டு ஒன்று.

"கட்டட வரைபடம்," என்றார் பிஸ்தோக், பழக்க தோஷத்தில்.

"நல்ல கட்டடம்தான்யா! சன்னலே இருபத்துநாலு இருக்கும்போல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பாலிகே சந்தையில் மீன் விற்கிற தியுர்மா. நாற்பத்தெட்டு வயது. கக்கத்தில் பழுப்பு உறை. விமானத்தில் அவளுக்குக் கிடைத்ததும் அவர் பக்கத்து இருக்கைதான்.

சுமத்ராவின் பத்தாக் இனத்தவர் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்தால் இடுப்புப்பட்டை மாட்ட மறந்தாலும் மறப்பார்கள், குலமும் அதன் மூதாதையிலிருந்து எத்தனையாவது தலைமுறை என்றும் கேட்டு முறை கண்டுபிடிக்க மறக்க மாட்டார்கள்.

"ஐயா எந்தக் குலம்?"

"ஹுத்தாபேயா." அலுவலகக் குரலில் சொன்னார்.

"அம்மா?"

"நாயிங்கோலான். பதினஞ்சாம் தலைமுறை."

தியுர்மா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "என் வீட்டுக்காரரும் நாயிங்கோலான்தான். அவரும் பதினஞ்சு! உங்கம்மாவுக்குத் தம்பி முறை. அப்ப நான் யாரு?"

பிஸ்தோக் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார். விடை மாறவில்லை. தாய்மாமன் பெண்டாட்டி. நிமிர்ந்து பேசக் கூடாத இடம்.

"அத்தை," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"அப்படிச் சொல்லு மருமகனே. இனிமே நீ, வா, போதான். இந்த உறையைப் பிடி, கை வலிக்குது."

முப்பது வருஷம் தன் பையைப் பிறரைத் தூக்க வைத்தவர் மீன்காரியின் உறையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு மார்ல கட்டி. நாளைக்கு ஆபரேஷன். உனக்கு என்ன?"

பிஸ்தோக் வாய் எடுத்தார். யாரிடம் வேண்டுமானாலும் புளுகலாம், அத்தையிடம் எப்படி? போன மாதமும் அவர் இதே குழாயோடு பினாங்குக்கு வந்தார். ஆஸ்பத்திரி வண்டிக்காரன் பெயர்ப் பலகையோடு நின்றான். பார்க்காததுபோலத் தாண்டி ஓட்டலுக்குப் போய், இரண்டு நாள் நூடுல்ஸ் தின்றுவிட்டு, பேச்சுவார்த்தை நல்லபடி முடிந்ததென்று வீடு திரும்பினார். மனைவி சந்தோஷத்தில் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். இந்தத் தடவையும் அப்படியே திரும்பிவிடலாம் என்றுதான் பாதி மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னார். கோழிக் குழம்பு உட்பட.

"குழம்பு நல்லா இருந்துச்சா?"

"இறங்கல அத்தை."

அவள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பிடி அரிசி. "எங்க அண்ணன்மார் என் தலையில வச்சு அனுப்பினாங்க. உசுரு உறுதியா நிக்கணும்னு. மிச்சத்துல பாதி உனக்கு. குனி."

"இங்கேயா? எல்லாரும் பாக்கறாங்க..."

"குனிடா."

குனிந்தார். அரிசி எண்ணெய்த் தலையில் அப்பிக்கொண்டது, தாலி கட்டின மாப்பிள்ளை மேல் விழுந்த அட்சதைபோல. பினாங்கில் இறங்கியதும், குடியேற்றச் சாவடி அதிகாரி கடவுச்சீட்டுப் படத்தையும் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

வெளியே அதே வண்டிக்காரன், அதே பலகை. மூன்று பெயர்கள். இரண்டாவது அவருடையது, தூரத்திலிருந்தே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில். மேடான் விமானக் கூட்டம் முழுக்கப் பக்கத்தில் நின்றது.

"பிஸ்தோக் ஹுத்தாபேயா யாருங்க? போன மாசமும் இப்படித்தான் நின்னு நின்னு கால் மரத்துப்போச்சு."

தியுர்மா தன் உறையை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

இதுவரை ஆட்களைக் கூப்பிட மட்டுமே உயர்ந்த கை மெதுவாக மேலே போனது. "நான்தான். போன மாசமும் நான்தான்."

வண்டிக்காரன் குழாயை வாங்கிக்கொண்டான். "என்ன சார் இதுல?"

"எக்ஸ்ரே," என்றார். "மடங்காம வைப்பா."