ஹெந்தா எழுதிய அறுநூறு வரிகள்

ஸ்ஃபாக்ஸ் நகரில் கணினிப் பாடம் நடத்தும் லஸாத், பத்து வருடமாக ஒரே நிரலை எழுதிவந்தான். ஒரு வலைப்பின்னலில் உள்ள ஒவ்வொரு கணினியின் கதவையும் தட்டி, எது பூட்டாமல் கிடக்கிறது என்று சொல்லும் நிரல். யாரும் இலவசமாக எடுக்கலாம். அதைத் தங்கள் சரக்கோடு சேர்த்து விற்பவர்கள் மட்டும் தங்கள் மூலநிரலையும் திறந்து காட்டவேண்டும். அதுதான் உரிமம்.

ஐந்து வருடத்துக்கு முன் காபெஸ் என்ற ஊரிலிருந்து ஒரு கோபமான மின்னஞ்சல் வந்தது. எழுதியவள் ஹெந்தா, மருத்துவமனை ஒன்றின் கணினிகளைக் கவனிப்பவள். "உங்க நிரல் தட்டின தட்டுல ரத்தம் பாக்குற எங்க பழைய மெஷின் நின்னுபோச்சு. கதவை உடைக்கிற மாதிரியா தட்டுவாங்க?" கூடவே, பழைய கருவிகளை மெல்லத் தட்டும்படி அவளே எழுதிய அறுநூறு வரிகள். லஸாத் அவற்றைத் தன் நிரலில் சேர்த்துக்கொண்டான். அன்றிலிருந்து வாரம் தவறாமல் இருவரும் எழுதிக்கொண்டார்கள். நேரில் பார்த்ததில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு நிறுவனம் லஸாத்தைத் தேடி வந்தது. மூலநிரலைத் திறக்காமல் விற்கத் தனி உரிமம் வேண்டும், அறுபதாயிரம் தினார் தருகிறோம் என்றது. ஹெந்தாவைப் போல அந்த நிரலில் வரிகள் எழுதிச் சேர்த்தவர்கள் அத்தனை பேரும் கையெழுத்திடவேண்டும். எல்லோரும் போட்டார்கள். ஹெந்தாவிடமிருந்து மட்டும் ஒரு மாதமாகப் பதிலே இல்லை. லஸாத் காபெஸுக்கு வண்டி ஏறினான்.

மருத்துவமனை வாசலில் அவன் தன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் சிவந்தது.

"கையெழுத்துக்கா இவ்வளவு தூரம்?"

"உங்களுக்கு உடம்புக்கு ஏதோன்னு பயந்துட்டேன்."

"முடியாதுன்னு உங்களுக்கு எழுத மனசு வரல. பத்து தடவை எழுதி எழுதி அழிச்சேன்."

"ஏன் முடியாது? இலவசம் இலவசமாத்தான் இருக்கும். மூடி விக்கணும்னு நினைக்கிறவன் காசு குடுக்கப்போறான், அவ்வளவுதானே?"

"பதினோராம் பக்கம் படிச்சீங்களா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். அவள் கைப்பேசியில் ஒப்பந்தத்தை எடுத்து வரிக்குக் கீழே விரலை வைத்தாள். இனி வரும் பதிப்புகள் அந்த நிறுவனத்துக்கு மட்டுமே சொந்தம் என்றிருந்தது.

"முப்பது பக்கம், பிரெஞ்சுல… பாதியிலயே தூங்கிட்டேன்."

"நல்ல ஆளுதான் போங்க! காசு குடுத்து வாங்க எங்க ஆஸ்பத்திரிக்கு வக்கில்ல. நாளைக்குப் புதுசு வேணும்னா நாங்க எங்க போவோம்?"

மதில் நிழலில் நின்றபடியே லஸாத் நிறுவனத்துக்குப் பேசினான். அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னான். மறுமுனையில் இருந்தவர் யோசித்து, அப்படியானால் பாதித் தொகைதான் என்றார். முழுத் தொகை வந்தால் மாலை வகுப்புகளை விட்டுவிடலாம் என்று லஸாத் நினைத்திருந்தான். ஹெந்தாவைப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, பாதிக்கே" என்றான் லஸாத்.

திருத்திய ஒப்பந்தம் இரண்டு வாரத்தில் வந்தது. ஹெந்தா முப்பது பக்கத்தையும் படித்துவிட்டே கையெழுத்திட்டாள். மாலை வகுப்புகள் தொடர்ந்தன. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் லஸாத் விடுப்பு எடுத்தான். அன்று காபெஸில், ஹெந்தா வீட்டில், மீனோடு கோதுமை ரவைக் குஸ்குஸ்.