சிவப்புப் பட்டனுக்குப் பதினாறு கண்ணி

"வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருக்க?"

பத்தாம் வகுப்பில் ஆங்கில வாத்தியார் கௌசல்யாவைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. விடை அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. எழுந்து நின்றாள், வாயைத் திறந்தாள், விடை தொண்டைக்குழி வரைக்கும் வந்து அங்கேயே குந்திக்கொண்டது. அதைக் கிளப்பிக் கொண்டுவருவதற்குள் வாத்தியார் கேட்டுவிட்டார், வகுப்பு சிரித்துவிட்டது, மணியும் அடித்துவிட்டது. அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான். அப்புறம் அந்தப் பள்ளிக்கூடம் இருந்த தெருப் பக்கமே போகவில்லை.

இப்போது அவளுக்குப் பதினெட்டு. அப்பா மொக்கைச்சாமி நிலக்கோட்டை மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி வேனில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புகிறவர். இருட்டோடு போனால் மதியம்தான் திண்டுக்கல் வீட்டுக்குத் திரும்புவார். இருபது வருஷம் ஏலச் சத்தத்துக்குள்ளேயே நின்று காது பாதி மந்தமாகிவிட்டது. அதனால்தான் அந்த ஹோம் தியேட்டரை வாங்கினார். சுவரளவு டிவி, மூலைக்கு ஒரு ஸ்பீக்கர், நடுவில் கறுப்புப் பெட்டியாக ஆம்ப்ளிஃபயர், ஒரு செட்டாப் பாக்ஸ். வெக்கைக்கு ஏசி. ஆக மொத்தம் நாலு ரிமோட்.

நாலையும் மடியில் பரப்பி வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தால் சோழி உருட்டிக் குறி சொல்கிறவர் மாதிரி இருக்கும். டிவி வரும், பாக்ஸ் வராது. பாக்ஸ் வந்தால் சத்தம் வராது. சத்தத்தைத் தேடி எதையாவது அமுக்குவார், ஏசி அணைந்துபோகும். "படம் வத்தலக்குண்டுல நிக்குது, சத்தம் செம்பட்டியில நிக்குது" என்று அம்மா ஜக்கம்மாள் அடுப்படியிலிருந்து சொல்வாள். அப்பா உடனே கடைக்குப் போன் போடுவார். ரொனால்டு வருவான்.

ரொனால்டு கடையின் டெக்னீசியன். ஆள் நல்லவன்தான். ஆனால் பேச ஆரம்பித்தால் அவனுக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது. ஒரு தடவை நாலுக்கும் சேர்த்து ஒரே ரிமோட்டாக ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பழைய ரிமோட்டுகளை அதன் முகத்துக்கு நேரே நீட்டி அமுக்கினால் அது பார்த்துக் கற்றுக்கொள்ளுமாம். கற்றும் கொண்டது. ஆனாலும் ஒன்பது பட்டனை வரிசையாக அமுக்க வேண்டியிருந்தது. அப்பா ஆறாவதில் தடுமாறினார். மூலையில் சிவப்பாக இருப்பது எதற்கு என்று கேட்டார்.

"அது மேக்ரோண்ணே. ஒம்பது வேலைய ஒத்தப் பட்டன்ல சொல்லி வைக்கிறது. கம்பெனி இன்ஜினியர் வந்தாத்தான் முடியும். நம்மூர் வீட்டுக்கெல்லாம் ஒத்து வராது."

கதவுத் திரைக்குப் பின்னால் பூக்கட்டிக்கொண்டிருந்த கௌசல்யா இதைக் கேட்டாள். அவன் போனதும் ரிமோட்டோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒன்பது கட்டளையையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்புப் பட்டனுக்குள் போட்டு அமுக்கினாள். ஏசி மட்டும் கீ என்றது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. என்னவென்று பார்த்தால், ரிமோட் ஒன்பதையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டிருக்கிறது. டிவி கண் விழிப்பதற்குள் அதற்கான அடுத்த நாலு சொல்லும் வந்து போய்விட்டன. கௌசல்யாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தனியாக நின்று வயிறு வலிக்கச் சிரித்தாள். எழுந்திருக்க விடாமல் கேள்வி கேட்டால் எவர்தான் பதில் சொல்வார்கள்? இந்த விவகாரம் அவளுக்குத் தெரிந்த விவகாரம்.

ஆக, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதுதான் கணக்கு. அதற்குக் கடிகாரம் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. கை பூக்கட்டும் கை. பூவை வைத்து நாரைச் சுற்றி இழுத்தால் ஒரு கண்ணி. தூங்கினாலும் அந்த வேகம் மாறாது. ஒரு கையால் பட்டனை அமுக்கிவிட்டுப் பூவைக் கட்டத் தொடங்கினாள். ஏசி ஒரு கண்ணியில் எழுந்தது. ஆம்ப்ளிஃபயர் மூன்று. டிவிக்கு ஐந்து. செட்டாப் பாக்ஸ் ஒரு சோம்பேறி, ஏழு கண்ணி கட்டும் வரை சுற்றிச் சுற்றி வட்டம் போட்டது. பதினாறையும் தினசரிக் காலண்டர் தாளின் முதுகில் குறித்துக்கொண்டாள். கண்ணி ஒன்றுக்கு இரண்டு செகண்ட் என்று ரிமோட்டுக்குச் சொல்லி வைத்தாள்.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. பவர் பட்டன் இருக்கிறதே, எழுப்புவதும் அதுதான், படுக்க வைப்பதும் அதுதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டிவியிடம் அதைச் சொன்னால் பொத்தென்று அணைந்துவிடும். மூன்று நாள் முட்டி மோதிப் பார்த்ததில் ஒரு வழி கிடைத்தது. டிவியிடம் 'பாக்ஸ் வருகிற இந்த வழியைப் பார்' என்றால் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து பார்த்தது. பாக்ஸிடம் சேனல் எண்ணைச் சொன்னால் போதும். ஏசியிடம் இருபத்தி நாலு டிகிரி என்றால் போதும், ஆம்ப்ளிஃபயரிடம் 'டிவி சத்தத்தை எடு' என்றால் போதும். பவர் பட்டனையே தொடாமல் கட்டி முடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவப்புப் பட்டனை அமுக்கினாள். கீ என்றது ஏசி. நீல வெளிச்சம் போட்டது ஆம்ப்ளிஃபயர். டிவி விடிந்தது. பாக்ஸ் வட்டம் போட்டு முடித்தது. பதினாறாவது கண்ணியில் வீடு முழுக்க ஒரு தவில் விழுந்தது. அணைத்துவிட்டு மறுபடி அமுக்கினாள். மறுபடியும் வந்தது. பதினோரு தடவை. சாம்பார்க் கரண்டியோடு ஓடிவந்த ஜக்கம்மாள், மகள் சோபாவில் ஏறிக் குதிப்பதைப் பார்த்துவிட்டு, கேட்க வந்ததை மறந்து தானும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

அப்பாவுக்கு மட்டும் ஒரு பாடம் நடத்த வேண்டியிருந்தது. அவர் பட்டனை அமுக்கியதும் ரிமோட்டை வேட்டி மடிக்குள் போட்டுவிடுவார். பாதிப் பேச்சு மடிக்குள்ளேயே போய்விடும். கற்பூரத் தட்டு மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவரை உட்கார வைத்துப் பழக்கினாள். பழகிய மறுநாளே அவர் கடைக்குப் போய்ப் பெருமையடித்தார்.

கடைக்காரர் ஞானராஜ் கேட்டுவிட்டு யோசித்தாராம். வாங்கிப் போகிற பாதி வீட்டில் இதே புலம்பல்தான். ஆயுத பூஜையன்று மத்தியானம் வருகிறேன், ஒரே அமுக்கில் நாலும் எழுந்தால் திங்கட்கிழமையிலிருந்து பிள்ளை கடையில் உட்காரட்டும் என்றார். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ரிமோட்டைத் தயார் பண்ணிக் கொடுக்கிற வேலை. பக்கத்தில் நின்ற ரொனால்டு சிரித்தானாம்.

"ஒத்த அமுக்குல நாலும் எந்திரிச்சுட்டா, நான் வாயே தொறக்காம வாசலத் தாண்டிப் போறேண்ணே."

அந்த வேலை கௌசல்யாவுக்கு வேண்டும். இப்படி ஒன்று வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியே ரொம்ப நாளாகியிருந்தது.

ஆயுத பூஜையும் வந்தது. ஜக்கம்மாள் வருஷா வருஷம் வீட்டில் உள்ள எந்தக் கருவியையும் விட்டுவைக்க மாட்டாள். கிரைண்டர், மிக்ஸி, வேன், தராசு, அரிவாள்மனை, நகவெட்டி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்துவிடுவாள். ஞானராஜும் ரொனால்டும் வந்து உட்கார்ந்தபோது, ரொனால்டு கீழே வைத்த ஸ்குரூடிரைவர் பைக்கும் ஒன்று வைத்தாள். அவன் மொக்கைச்சாமிக்கும் ஜக்கம்மாளுக்கும் தன் புதுப் பைக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அப்பா எழுந்து நின்று ரிமோட்டைக் கற்பூரத் தட்டாக நீட்டினார். அமுக்கினார். ஏசி கீ என்றது. டிவி விடிந்தது. பாக்ஸ் வட்டம் போட்டது. திரையில் யாரோ நாதஸ்வரத்தைக் கன்னம் உப்ப ஊதினார்கள். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ஆம்ப்ளிஃபயர் கறுப்பாகக் கிடந்தது.

ரொனால்டு ஆரம்பித்துவிட்டான். தான் அன்றைக்கே சொன்னதையும், மதுரையில் ஒரு பங்களாவில் இப்படித்தான் ஆனதையும், பெண்பிள்ளை ஆசைப்பட்டதில் தப்பில்லை என்பதையும் மூச்சு விடாமல் சொன்னான். கௌசல்யா ஆம்ப்ளிஃபயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் முகப்பில் விரல் நக அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு உண்டு. ரிமோட் சொல்வதை அது அந்தச் சில்லு வழியாகத்தான் பார்க்கும். அந்தச் சில்லை இப்போது காணோம். அங்கே எட்டணா அளவுக்குச் சந்தனமும் அதன் மேல் குங்குமமும் இருந்தன.

வாயைத் திறந்தாள். சொல் தொண்டைக்குழிக்கு வந்து குந்தியது. ரொனால்டு பேசிக்கொண்டே இருந்தான்.

அப்பா மகளின் முகத்தைப் பார்த்தார். "ஏலே ரொனால்டு, செத்த இரு. பிள்ள என்னமோ சொல்லப் போகுது."

ரொனால்டு நிறுத்தினான். ஒரு கண்ணி, இரண்டு கண்ணி. ஐந்தாவதில் வந்துவிட்டது.

"அம்மா, அதோட கண்ணுலயே பொட்ட வச்சுட்ட."

ஜக்கம்மாள் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். ஆனால் அழிக்க மாட்டேன் என்றாள். ஆயுத பூஜையன்று வைத்த பொட்டை யாராவது அழிப்பார்களா, விளங்குமா என்று கேட்டாள். நாளைக்கு வந்து பார்க்கச் சொல்லுங்க என்றாள். ஞானராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் சாயங்காலம் ஊருக்குப் போகிறவர்.

"பொட்டு நெத்தியிலதானம்மா வைப்பாக" என்றாள் கௌசல்யா. இந்தத் தடவை மூன்றே கண்ணி. "உன் கண்ணுல அப்பிட்டு, விளங்கும்னு சொன்னா விட்டுருவியா?"

ஞானராஜுக்குப் புரையேறியது. அப்பா வேட்டித் தலைப்பால் வாயைப் பொத்தினார். ஜக்கம்மாள் கொஞ்ச நேரம் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள். பிறகு "வலிச்சிருக்கும்ல அதுக்கு" என்று முந்தானை நுனியை நனைத்துத் துடைத்துவிட்டு, மேல் விளிம்பில் நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் புதிதாக ஒன்று வைத்தாள்.

இப்போது அமுக்கினால் ஓடுகிற மூன்றும் அணைந்து இது மட்டும் எழும் என்றான் ரொனால்டு. எல்லோரும் கௌசல்யாவைப் பார்த்தார்கள்.

"பவர் பட்டன நான் தொடவே இல்லண்ணே. முழிச்சிருக்குறவுகளப் பேர் சொல்லிக் கூப்பிட்டா படுத்தா போயிருவாக? நீங்களே அமுக்குங்க."

ரொனால்டு ரிமோட்டை வாங்கி நீட்டி அமுக்கினான். ஏசி கீ என்றது, நின்ற இடத்தில் நின்றது. டிவி அணையவில்லை. பாக்ஸ் அசையவில்லை. ஆம்ப்ளிஃபயர், நெற்றியில் பொட்டோடு, நீலமாகக் கண் திறந்தது. அப்புறம் அந்த நாதஸ்வரம் வந்தது பாருங்கள், நாலு மூலையிலிருந்தும் வந்தது. அலமாரித் தம்ளர்கள் கிணுகிணுத்தன. பொரிகடலைத் தட்டு தானாக ஒரு சாண் நகர்ந்தது. "காது கேக்குது, காது கேக்குது" என்று அப்பா கத்தினார். ஜக்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஞானராஜ் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டு, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டார்.

"ஒம்பதுக்கே வந்துருவேன்" என்றாள் கௌசல்யா. ஒரு கண்ணி கூட ஆகவில்லை.

ரொனால்டு ரிமோட்டைப் பூத்தட்டுக்குப் பக்கத்தில் பதமாக வைத்தான். ஜக்கம்மாள் நீட்டிய பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். குங்குமம் வைத்த ஸ்குரூடிரைவர் பையைத் தோளில் மாட்டினான். அப்பா வேண்டுமென்றே, என்னப்பா கிளம்பிட்டியா, ஒண்ணும் சொல்லாமப் போறியே என்று கேட்டார். அவன் வாய் திறக்கப் பார்த்தது. கையால் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல் வாசலைத் தாண்டிப் போனான்.