மைனாவின் இடது கால்

டாக்சி நிறுவனத்தின் ஃபோன் அறையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுவதுதான் அவளுக்கு வேலை. காதில் ஹெட்ஃபோன், எதிரே திரை. "ஐயா, வண்டி கிளம்பிடுச்சு", "அம்மா, வாசல்லயே நில்லுங்க" என்று முகம் தெரியாதவர்களோடெல்லாம் தொண்டை கட்டும்வரை பேசுவாள். வீட்டுக்கு வந்தால் பேச்சுத் துணைக்கு மகள் மட்டும்தான். கணவன் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் வேலை செய்தான். கரைப்பக்கம் வந்தால்தான் அவன் ஃபோன் உயிர்பெறும்.

மகளுக்கு ஏழு வயது. ஓயாத வாய் என்பதால் எல்லாருக்கும் அவள் மைனா. பிறக்கும்போதே அவளுக்கு முதுகுத்தண்டு கீழ்ப்பக்கம் மூடியிருக்கவில்லை. ஸ்பைனா பைஃபிடா என்றார்கள். மறுநாளே ஆபரேஷன் செய்து முதுகை மூடினார்கள். இரண்டு கால்களிலும் பிளாஸ்டிக் தாங்கி போட்டுக்கொண்டு, கொஞ்சம் ஆடி ஆடியாவது, தன் காலில் தானே நடந்த பிள்ளை.

அந்த வருடம் அடிக்கடி விழ ஆரம்பித்தாள். இடது கால் தரையை உரசியது. முதுகு வலிக்கிறதென்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் படுத்துக்கொண்டாள். மூத்திரம் கசிந்து உடையும் முன்னைவிட அதிகமாக நனைந்தது.

"என் இடது கால் இன்னைக்கு லீவும்மா," என்று படிக்கட்டில் உட்கார்ந்தபடி ஒரு நாள் சிரித்தாள்.

எலும்பு டாக்டர் காலைப் பார்த்தார். "பிள்ளை வளர்றா. தாங்கி சின்னதாயிடுச்சு, புதுசு போடுங்க." மூத்திரம் பற்றிச் சொன்னதற்கு, அதற்கு வேறு டாக்டர் இருக்கிறார் என்றார். அந்த வேறு டாக்டர் கிருமித் தொற்று என்று மாத்திரை எழுதினார். காலைப் பற்றிக் கேட்டால், "அதை எலும்பு டாக்டர்கிட்ட கேளுங்களேன்." இருவருமே தன்மையான மனிதர்கள். கோபப்படவும் வழியில்லை. போன இடத்திலெல்லாம், "ரப்பர் கையுறை போடாதீங்க, இவளுக்கு ஒத்துக்காது" என்று அவள்தான் முந்திக்கொண்டு கத்த வேண்டியிருந்தது.

அக்காவுக்கு ஃபோன் செய்தாள். "நீ சின்ன வயசுலேர்ந்தே எதையும் பெருசு பண்ணுவ" என்றாள் அக்கா. கணவன் ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான்.

"டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது?"

"ஏங்க, நான் தினம் பக்கத்துல இருந்து பாக்கறேன்ல..."

லைன் அறுந்துவிட்டது.

புதுத் தாங்கிக்கு அளவெடுக்கும் கடையில் இன்னொரு தாய் காத்திருந்தாள். அவள் மகன் மீசை அரும்பிய பையன், சக்கர நாற்காலியில். அந்தத் தாய் மைனா நடப்பதை உற்றுப் பார்த்தாள்.

"முன்னாடி இதைவிட நல்லா நடந்தாளா?"

"ஆமாங்க."

"அப்ப தாங்கியோட நிக்காதீங்க. ரயில்ல அரை நாள் போனா பெரிய குழந்தைங்க ஆஸ்பத்திரி இருக்கு. மாசத்துல ஒரு நாள், இந்தப் பிள்ளைங்களுக்குன்னே எல்லா டாக்டருங்களும் ஒரே ரூம்ல உக்கார்றாங்க. எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது."

"ஆரம்பிச்சிட்டியாம்மா?" என்றான் மகன்.

அதற்குள் அவர்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவளுடைய நம்பரைக்கூட இவள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். தான் தினமும் அடுத்தவர்களுக்குப் போடும் பாட்டு கேட்க எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர்கள் சொன்ன தேதியில் மைனாவோடு ரயிலேறிப் போனாள். வாசலில் வரவேற்ற நர்ஸ், இவள் வாயைத் திறக்கும் முன்பே, "இந்தப் பிள்ளைங்களுக்கு ஒத்துக்காதுன்னு இங்க ரப்பரே வெச்சுக்கறதில்ல, பயப்படாதீங்க" என்றாள்.

அறையில் நாலைந்து டாக்டர்கள் இருந்தார்கள். நரம்பு அறுவை டாக்டர் குள்ளமான ஒரு பெண். மைனா நடப்பதைப் பார்க்கத் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "போன வருஷம் எப்படி நடந்தா?" என்று அம்மாவைக் கேட்டார். அவள் இரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்தினாள். பாதியில் வெட்டிவிடுவார்கள் என்று பழகிப்போயிருந்தது. யாரும் வெட்டவில்லை.

"பழைய வீடியோ ஏதாவது இருக்கா?"

கப்பலில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்ப எடுத்தவை ஃபோன் நிறைய இருந்தன. டாக்டர்கள் தலையோடு தலை சேர்த்துப் பார்த்தார்கள். மாடிப்படியில் பிடிமானமில்லாமல் ஏறிய மைனா திரையில் கையாட்டினாள். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள், மூத்திரப்பையைச் சோதித்தார்கள்.

"பழைய தழும்புல நரம்புத்தண்டு ஒட்டிக்கிட்டிருக்கு. பிள்ளை வளர வளர அது இழுபடுது," என்றார் பெண் டாக்டர். "இந்தப் பிள்ளைங்களுக்கு ஸ்கேன்ல எப்பவுமே ஒட்டின மாதிரிதான் தெரியும். அதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. ஆனா காலு, முதுகு, மூத்திரம் மூணும் சேர்ந்து மாறியிருக்கு. ஒட்டினதைப் பிரிச்சு விடணும்."

"போன பலம் திரும்ப வருமா டாக்டர்?"

"வலி போகும்னு நம்பறேன். பலம் வரும்னு சொல்ல மாட்டேன். இருக்கறதைக் காப்பாத்தலாம்."

கணவனுடைய கப்பல் நடுக்கடலில் இருந்தது. அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளே கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் அன்று காலை, வெளியே வரிசை நாற்காலிகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் மைனாவின் தாங்கிகள் இருந்தன. ஃபோன் அடித்தது. நிறுவனத்து டிரைவர் 'தாடி'. தாடியை எடுத்துப் பல காலமாகியும் பெயரை எடுக்க முடியாதவன்.

"அக்கா, எப்ப வருவீங்க? உங்க சீட்டுல புதுசா வந்தவரு கிழக்க கூப்பிட்டா மேற்க அனுப்பறாரு."

"பொண்ணுக்கு ஆபரேஷன் நடக்குதுப்பா. வெளிய உக்காந்திருக்கேன்."

வண்டிச் சத்தம் கேட்டது. "என்ன சொல்றதுன்னு தெரியலக்கா," என்றான் கடைசியில்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவன் ஃபோனை வைக்கவில்லை. யாரோ ஏறினார்கள், கதவைச் சாத்தினார்கள், வண்டி நகர்ந்தது. அந்தச் சவாரி முடியும்வரை தெருவின் இரைச்சலைக் காதில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

மைனாவின் முதுகுவலி போனது. விழுவது குறைந்தது. இடது கால் பழையபடி வரவில்லை. மூத்திரப்பை தானாக முழுக்கக் காலியாவதில்லை என்பதால், மெல்லிய குழாயைச் செலுத்தி மூத்திரத்தை எடுக்க நர்ஸ் அம்மாவுக்கும் மகளுக்கும் கற்றுக்கொடுத்தாள். கணவன் கூப்பிட்டபோது, "நல்லா இருக்கா" என்று மட்டும் இவள் சொன்னாள். மைனாதான் ஃபோனைப் பிடுங்கி, ஆபரேஷனைத் தானே செய்தவள் போல அப்பாவுக்கு விளக்கினாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில், குழாய்ப் பொட்டலத்தோடு அம்மா குளியலறைக்குள் நுழையப்போனாள். மைனா அதை வாங்கிக்கொண்டாள். "நீ வெளிய இரும்மா. நானே பண்ணிக்கறேன்."

கதவு மூடியது. உள்ளே குழாயடியில் கை கழுவும் சத்தம், பிறகு ஏதோ பாட்டு. வேலைக்கு நேரமாகிவிட்டது. கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அவள் நடையிலேயே நின்றாள்.