கையெழுத்துப் போட வேண்டியவள்

தம்பி இறந்த செய்தி வந்தபோது அக்கா ஒரு கிழவருக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அந்த மருந்துக் கடையில் நிற்கிறாள். அந்தத் தெருவில் அவளை விடப் பெரியவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி" என்று உறை மேல் எழுதிக் காட்டும்போது கைப்பேசி அடித்தது. வெளிநாட்டு எண். தம்பியின் எண் அல்ல.

"லிஃப்ட் மெக்கானிக்கோட அக்காவா? நான் அவரோட சூப்பர்வைசர் பேசறேன். கொஞ்சம் உக்காந்துக்கிறீங்களா?"

அவள் உட்காரவில்லை. "சொல்லுங்க" என்றாள்.

சாப்பிட்டுவிட்டு ஓய்வறையில் சுவரோரமாகச் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாற்பத்தாறு வயது. அக்கா கேட்டுக்கொண்டாள். உறையில் மீதியை எழுதி முடித்து, கிழவரிடம் இன்னொரு தடவை சொல்லிப் புரியவைத்து அனுப்பிவிட்டு, பின்பக்கம் போய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றாள். அங்கே நின்றபடியே திரும்பக் கூப்பிட்டாள்.

"உடம்ப ஊருக்கு அனுப்பணும்னா பேப்பர் வேலை மூணு நாலு வாரம் இழுத்துரும்க்கா" என்றார் சூப்பர்வைசர். "நீங்க சம்மதம்னு ஒரு கடுதாசி அனுப்பினாப் போதும். இங்கேயே எரிச்சுடலாம். நாங்களே நின்னு பாத்துக்கறோம்."

"யாருமே இல்லாதவன் மாதிரியா? இங்கேயே செய்யுங்க, சரி. ஆனா நான் வர்றேன்."

விசா வர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் அவன் பிணவறைக் குளிரில் கிடக்கிறானே என்ற நினைப்பு அவளுக்கு ஓயவில்லை. சின்ன வயசில் போர்வையை இழுத்து இழுத்துத் தன் பக்கம் சுருட்டிக்கொள்வான். சுருட்டை என்று பேர் வந்தது தலைமுடியால் மட்டுமல்ல. அவனுக்கென்று ஒரு புதுச் சட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறினாள்.

விமான நிலையத்திலிருந்து சூப்பர்வைசர் நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பிணவறை அலுவலகம் நிலத்தடியில் இருந்தது. வரிசை எண் எழுதிய சீட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் எழுத்தர். அக்கா கொண்டுவந்த காகிதங்களை அடுக்கி நீட்டினாள். அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், பிறகு சூப்பர்வைசரிடம் ஏதோ சொன்னாள். அவர் முகம் மாறியது.

"என்னவாம்?"

"நீங்க கையெழுத்துப் போட முடியாதாம்க்கா. மனைவி போட்டாத்தான் உடம்பக் குடுப்பாங்களாம்."

"யாரோட மனைவி?"

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அவ்வளவு குளிரில் வேர்த்திருந்தது அவருக்கு.

"அவனுக்குக் கல்யாணமே ஆகலியே. வேற யாரோட ஃபைலையோ பாக்கறாங்க. நல்லாப் பாக்கச் சொல்லுங்க."

"இல்லக்கா. எட்டு வருஷம் ஆச்சு பதிவு பண்ணி. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். கூட இல்ல இப்போ, மூணு வருஷமா தனித்தனியாத்தான் இருந்தாங்க. ஆனா விவாகரத்து ஆகல. அந்தம்மா வீடு மாத்திட்டாங்க, நம்பரும் மாறிப்போச்சு, தகவலே சொல்ல முடியல. அக்கா நீங்க வந்தாப் போதும்னு நெனச்சிட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்குத் தெரியாதுங்கறது எனக்குத் தெரியாதுக்கா."

அக்காவுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் ஒருத்தியைப் பற்றிச் சொன்னான். ஏற்கெனவே கல்யாணமாகி முறிந்தவள், இவனைவிட இரண்டு வயது பெரியவள். அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "அவளக் கட்டினா எனக்குத் தம்பியே இல்லன்னு நெனச்சுக்கறேன்." அடுத்த வாரமே அவன், "அந்தப் பேச்ச விட்டுட்டேன்க்கா" என்றான். எவ்வளவு சுலபமாகக் கேட்டுக்கொண்டான் என்று அவளுக்குப் பெருமைகூட. அதற்கப்புறம் இவள் சொன்ன ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு குறை கண்டுபிடித்தான். ஒருத்தி உயரம், ஒருத்தி ரொம்பப் படித்தவள், ஒருத்திக்குச் சிரிப்பு சரியில்லை. "உனக்கு வானத்துலேர்ந்துதான் எறங்கி வரணும்" என்று கேலி செய்து, கடைசியில் இவளே சலித்து விட்டுவிட்டாள்.

கல்யாணப் பதிவில் அந்தப் பெண் வேலை பார்க்கும் இடம் மட்டும் இருந்தது. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடம். மறுநாள் காலை இருவரும் அங்கே போனார்கள். பின்வாசல், சரக்கு லாரிகள், பிறகு ஒரு நீண்ட தாழ்வாரம். உள்ளே ஆவி. ஆள் உயர இயந்திரங்கள் சுற்ற, நீலச் சீருடைப் பெண்கள் இரண்டிரண்டு பேராக நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அக்கா சூப்பர்வைசரிடம், "இந்தச் சத்தத்துல எப்படிங்க கண்டுபிடிக்கறது?" என்றாள்.

மூன்றாவது மேசையில் ஒரு பெண்ணின் கை நின்றது. மறுமுனையில் விரிப்பைப் பிடித்திருந்தவள் இழுத்தும் இவள் நகரவில்லை. திரும்பினாள். ஒல்லியான முகம், காதோரம் நரை. அக்காவையே பார்த்தாள்.

"அண்ணி?" என்றாள்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. புருஷனின் அக்காவைக் கூப்பிடும் அந்த உறவைச் சொல்லி அதுவரை அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

"என்னை உனக்கு எப்படித் தெரியும்?"

"குரல்" என்றாள் அந்தப் பெண். பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து அங்கே வந்து நிற்பதன் அர்த்தம் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கையிலிருந்த விரிப்பை மேசையில் வைத்துவிட்டு, "எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

"போன செவ்வாய்க்கிழமை. மத்தியானம். நெஞ்சு வலி."

"செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு" என்றாள் அவள். "வீட்டுல சும்மாதான் இருந்தேன்." அதையே இன்னொரு தடவை சொன்னாள்.

தாழ்வாரத்தில் அழுக்குத் துணி வண்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. சூப்பர்வைசர் மேலாளரிடம் அனுமதி கேட்கப் போனார். இருவரும் உட்கார்ந்தார்கள். அக்காதான் பேச்சை எடுத்தாள்.

"என் குரல எங்க கேட்டே?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேப்பேன் அண்ணி. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாரு, நானும் கேக்கட்டும்னு. நான் அப்போ குழாயத் தொறக்க மாட்டேன், மிக்ஸி போட மாட்டேன். இருமல் வந்தா தலகாணிய வாயில வெச்சுக்குவேன். ஒரு தடவ தும்மிட்டேன். யாரு அதுன்னு கேட்டீங்க. பக்கத்து ரூம்காரன்னு சொன்னாரு. போன வெச்சதும் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

அக்காவுக்கு அந்தத் தும்மல் ஞாபகம் இல்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை.

"அப்புறம் ஏன் விட்டுட்டுப் போனே?"

"முதல்ல வெளையாட்டா இருந்துச்சு. அஞ்சு வருஷம் வெளையாட முடியுமா? அக்காகிட்ட சொல்லுங்க, திட்டினா திட்டட்டும்னேன். அடுத்த வாரம் அடுத்த வாரம்னு தள்ளிக்கிட்டே போனாரு. நல்ல மனுஷன்தான். ஆனா வாரத்துல ஒரு மணி நேரம் நான் அந்த வீட்டுல இல்லவே இல்ல அண்ணி. அது என்னால தாங்க முடியல."

அக்கா ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். மன்னித்துக்கொள் என்பதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. "நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன்" என்றாள்.

"அவரும் அதத்தான் சொல்வாரு. அக்கா ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான்னு."

கையெழுத்துப் போட அவள் தயங்கவில்லை. மதியமே சீருடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, காட்டிய ஐந்து இடத்திலும் போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். பிணவறை ஊழியரிடம் அக்கா புதுச் சட்டையைக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்து, கழுத்துப் பொத்தான் எட்டவில்லை என்று சைகையில் காட்டினார். அவனை நேரில் பார்த்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஏழு வருஷத்துக்கு முந்தைய அளவில் வாங்கியிருந்தாள்.

"தொறந்தே இருக்கட்டும் அண்ணி. கழுத்த இறுக்கினா அவருக்குப் பிடிக்காது" என்றாள் அந்தப் பெண்.

அன்று சாயங்காலம் மயானக் கூடத்தில் அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் இருபது நிமிஷம். அறுபது பேர் உட்காரக்கூடிய நாற்காலிகளில் ஐந்து பேர். சூப்பர்வைசர், கூட வேலை பார்த்த இரண்டு பேர், அக்கா, கடைசி வரிசையில் அவள். பெட்டி திறந்திருந்தது. அக்கா அவன் தலைமுடியைத் தொட்டாள். முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தாலும் பின்பக்கம் இன்னும் சுருள் சுருளாகத்தான் இருந்தது. அழுகை வரும் என்று பயந்திருந்தாள். வரவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

சுவரில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. யாராவது ஒருவர் அழுத்தினால் போதும், பெட்டி உலைக்குள் போய்விடும் என்றார் ஊழியர்.

அக்கா கடைசி வரிசைக்கு நடந்து போனாள். "நீ வா" என்றாள்.

"நான் விட்டுட்டு வந்தவ."

"போக வெச்சவ நான். வாம்மா."

அந்தப் பெண் எழுந்து வந்தாள். பெட்டிக்கு அருகில் குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அக்கா கேட்கவில்லை. பிறகு அவள் பொத்தானை அழுத்த, பெட்டி உருளைகள் மேல் மெதுவாக நகர்ந்து போனது. கதவு மூடியது. அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்தது.

மறுநாள் காலை சாம்பலை வாங்கவும் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வேலைக்குப் போகும் வழியில் வந்து வாங்கினாள். அந்தச் சின்னப் பெட்டியை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அக்காவிடம் நீட்டினாள்.

"பாதி நீ வெச்சுக்கறியா?"

"வேண்டாம் அண்ணி. பாதி பாதியாவே இருந்துட்டாரு. முழுசா எடுத்துட்டுப் போங்க."

"என்கூட வாயேன். ஒரு பத்து நாளாவது இரு."

"லீவு தர மாட்டாங்க" என்றாள் அவள். பேருந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு, "தந்தாலும் வேண்டாம். எனக்கு உங்கள ரொம்ப நாளாத் தெரியும். உங்களுக்கு என்னை ரெண்டு நாளாத்தானே தெரியும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அக்காவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, பேருந்து வந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

அக்கா வீடு திரும்பிய அன்றே துக்கம் விசாரிக்க நாலைந்து பேர் வந்தார்கள். "ஒரு கல்யாணம் காட்சின்னு பாக்காமலே போயிட்டானே பாவி" என்று மூக்கைச் சிந்தினாள் எதிர்வீட்டுக்காரி.

"பாத்தான்" என்றாள் அக்கா. "நான்தான் பாக்கல. அவனுக்குப் பொண்டாட்டி இருக்கா. கொள்ளி வெச்சதே அவதான்."

யாரும் மேலே கேட்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் வெளியே போய்ப் பேசிக்கொள்வார்கள். ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

அடுத்த நாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, ஆற்றுப் பாலத்தில் இறங்கி, படிகளில் தனியாக இறங்கினாள். தண்ணீர் குறைவாகத்தான் ஓடியது. சாம்பலைக் கொட்டியபோது காற்று கொஞ்சத்தைத் திருப்பி அவள் புடவையிலேயே போட்டது. தட்டிவிட மனசு வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவனிடம் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அவன் காதில் அந்தப் பெண் சொன்னது என்னவாக இருக்கும் என்ற யோசனைதான் வந்தது.

மேலே ஏறி வந்தாள். திரும்புகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.